பாம்பு, இருளர், ஒரு உச்சிக்கல்

இந்த வார ஆணியெல்லாம் ஒரு வழியா புடுங்கி முடிச்சுட்டு, சனிக்கிழமை ஈ.சி.ஆர்.ல வண்டியை விட்டேன். வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துல இருளர்கள் பாம்பு விஷம் எடுக்கறதைப் பார்த்ததுல இருந்து மனசுல ஓடிட்டிருக்கற விஷயம் இது.

முதல்ல கொஞ்சம் அமெரிக்கா போய்ட்டு வந்துடுவோம். 1963ல ராபர்ட் பெய்ன்ங்கற விஞ்ஞானி, வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறையில இருந்த நட்சத்திர மீன்களை மட்டும் பிச்சுப் பிச்சுக் கடல்ல எறிஞ்சார். அதுக்கு இரையா இருந்த சிப்பிகள் தறிகெட்டுப் பெருகி இடத்தை அடைச்சுது. 15 இனம் இருந்த பாறையில மிஞ்சினது 8. ஒண்ணை உருவினா மொத்தமும் சரியற அந்த மாதிரி உயிரினத்துக்கு 1969ல அவர் வெச்ச பேர் 'கீஸ்டோன்'. அதாவது வளைவோட உச்சிக்கல். நம்ம பாஷையில, ஒரு வரியைத் தூக்கினதும் மொத்த பில்டும் ஊத்திக்குமே, அந்த வரி :-)

இப்ப செங்கல்பட்டு. வயல்ல நெல்லைத் தின்ன எலி, அந்த எலியை வளைக்குள்ளயே போய்ப் பிடிக்கப் பாம்பு. அந்தப் பாம்பைப் பிடிச்சுத் தோலுக்கு வித்தவங்க இருளர்கள். தோல் வெளிநாட்டுக்குப் போய் செருப்பாவும் கைப்பையாவும் ஆச்சு. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டுக்குள்ளயே தோல் வியாபாரம் நின்னுது. பாம்பு தப்பிச்சுது, சரி. பிடிச்சவங்க வயிறு?

1978ல ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன்னு நாலையும் பிடிச்சு, சில வாரம் வெச்சு விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே விட்டுடறாங்க. நம்ம நாட்டுப் பாம்புக்கடி மருந்துக்குப் பெரும்பங்கு விஷம் இவங்க கையில இருந்துதான் போகுது.

பாம்பு கறாரா கீஸ்டோன்தானான்னு விலங்கியல் நண்பர்கள் சண்டைக்கு வரலாம். 2016ல பெய்னே, போரிஸ் வோர்மோட சேர்ந்து இன்னொண்ணு எழுதினார்: மத்த உச்சிக்கல்லையெல்லாம் ஆட்டி வைக்கறவன் மனுஷன், அவன்தான் 'ஹைப்பர் கீஸ்டோன்'னு. தோலுக்குப் பிடிச்சதும் அதே கைதான், மருந்துக்குப் பிடிக்கறதும் அதே கைதான். மாறினது நாம அவங்ககிட்ட கேட்டது.

அந்தக் கையோட வித்தைக்கு 2023ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சுது.

எங்க சித்தப்பா கண்ணாடிவிரியன் கடிச்சு, அரசு ஆஸ்பத்திரியில போட்ட ஊசியால பிழைச்சவர். இன்னிக்கும் எந்தப் பாம்பைப் பார்த்தாலும் தடியைத் தேடுவார். பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப, அந்த ஊசி எங்க இருந்து வந்ததுன்னு அவருக்குச் சொல்லணும்.