மின்னலும் விமானமும்: 81 உயிர்கள் கற்றுத்தந்த பாடம்

பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் மீது இடி விழுந்தால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் விமானம் ஏறும் பலருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். "இடி விழுந்தது" என்று நாம் சொன்னாலும் விழுவது மின்னல்தான். இடி என்பது அதன் ஓசை மட்டுமே.

பயணிகள் விமானம் ஒவ்வொன்றையும் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை மின்னல் தாக்குகிறது என்று கணக்கிடப்பட்டுள்ளது. பெரும்பாலான நேரங்களில் ஒரு வெளிச்சம், ஒரு பெரிய சத்தம், அவ்வளவுதான். பயணிகள் பத்திரமாக இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு சும்மா கிடைத்ததல்ல. அதற்குப் பின்னால் ஒரு துயரமான இரவு இருக்கிறது.

1963 டிசம்பர் 8

பான் ஆம் நிறுவனத்தின் 214ஆம் எண் விமானம் அன்று போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து புறப்பட்டு, அமெரிக்காவின் பால்டிமோரில் பயணிகள் சிலரை இறக்கிவிட்டு ஃபிலடெல்ஃபியா நோக்கிக் கிளம்பியது. அது போயிங் 707 வகை ஜெட். உள்ளே 73 பயணிகளும் 8 ஊழியர்களும் இருந்தனர். மிகக் குறுகிய தூரம்தான். ஆனால் ஃபிலடெல்ஃபியாவில் வானிலை சரியில்லை. பலத்த காற்று ஓயட்டும் என்று பல விமானங்கள் வானில் வட்டமடித்துக் காத்திருந்தன. 214ம் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

இரவு 9 மணிக்குச் சற்று முன்பு, விமானம் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாக விமானியறையிலிருந்து அபாயக்குரல் வந்தது. அருகில் காத்திருந்த வேறொரு விமானத்தின் விமானிகள், அது தீப்பற்றி விழுவதைக் கண்டு தரைக்குத் தெரிவித்தனர். மேரிலாந்து மாநிலத்தில் எல்க்டன் என்ற ஊருக்கு அருகே வயல்வெளியில் அது விழுந்தது. 81 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

என்ன நடந்தது?

சிதறிக் கிடந்த பாகங்களைச் சேகரித்து ஆராய்ந்தபோது, இடது இறக்கையின் நுனியில் மின்னல் தாக்கிய தழும்புகள் தெரிந்தன. அமெரிக்க சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு 1965ல் தன் முடிவை வெளியிட்டது. இடது இறக்கையில் இருந்த முதலாம் எண் ரிசர்வ் எரிபொருள் தொட்டிக்குள் எரிபொருள் ஆவியும் காற்றும் கலந்திருந்தன. மின்னல் அந்தக் கலவையைப் பற்றவைத்தது. தொட்டி வெடித்து இறக்கையின் வெளிப்பகுதி பிய்ந்து போனது. தீ தொட்டிக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இங்கே எரிபொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்று அந்த விமானத்தில் இருந்தது இரண்டு வகை எரிபொருட்களின் கலவை. ஒன்று மண்ணெண்ணெய் வகை, எளிதில் ஆவியாகாது. மற்றொன்று பெட்ரோல் கலந்த வகை, சீக்கிரம் ஆவியாகும். நிரம்பிய தொட்டியை விட, ஆவி நிறைந்த காலித் தொட்டிதான் ஆபத்தானது என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது.

ஃபாரடேயின் கூண்டு

விமானத்தின் உடல் அலுமினியத்தால் ஆனது. உலோகக் கூண்டின் மீது பாயும் மின்சாரம் அதன் வெளிப்புறத்தோடு போய்விடும், உள்ளே வராது என்று மைக்கேல் ஃபாரடே 1836லேயே செய்து காட்டியிருந்தார். மின்னல் மூக்கிலோ இறக்கை நுனியிலோ நுழைந்து, மேற்தோல் வழியாக ஓடி, வால் போன்ற இன்னொரு முனையில் வெளியேறிவிடும். அதனால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வழியில் ஒரு மூடியோ ஆணியோ இணைப்போ சரியாகப் பொருந்தாமல் இருந்தால் அங்கே பொறி பறக்கும். அந்த இடம் எரிபொருள் தொட்டியாக இருந்துவிட்டால்?

214க்குப் பிறகு விதிகள் மாறின. மின்னலால் எரிபொருள் ஆவி பற்றிக்கொள்ளாதபடி தொட்டிகளை வடிவமைக்க வேண்டும் என்பது 1967ல் அமெரிக்காவில் சட்டமானது. தொட்டியைச் சுற்றியுள்ள உலோகத்தகட்டின் தடிமன், மூடிகள், ஆவி வெளியேறும் துளைகள் என எல்லாமே ஆய்வுக்கு உள்ளாயின.

இடிமேகத்தைத் தேடிப் போனவர்கள்

பொதுவாக விமானிகள் இடிமேகத்தைக் கண்டால் விலகிப் போவார்கள். நாசாவோ 1980 முதல் 1986 வரை எஃப்-106பி என்ற போர் விமானத்தை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் அனுப்பியது! ஏறத்தாழ 1,500 முறை மேகத்துக்குள் புகுந்த அந்த விமானம் 714 முறை மின்னலடி வாங்கியது. 1984ல் ஒரே பயணத்தில் 45 நிமிடங்களில் 72 அடிகள். இந்த ஆய்வில் வியப்பான ஓர் உண்மை உறுதியானது. விமானத்தின் மீது விழும் மின்னல்களில் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுவது அந்த விமானமேதான். மின்னேற்றம் மிகுந்த மேகத்துக்குள் அது நுழைவதே மின்னலுக்கு வழி திறந்துவிடுகிறது.

போயிங் 787 போன்ற புதிய விமானங்களின் உடல் கார்பன் இழையால் ஆனது. அலுமினியத்தைப் போல அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. எனவே மேற்தோலுக்குள் மெல்லிய உலோக வலையைப் பதித்து ஃபாரடேயின் கூண்டை மீண்டும் உருவாக்குகிறார்கள்.

அபாயம் முழுதும் தீர்ந்துவிட்டதா? 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் புயலுக்குள் நுழைந்த லான்சா 508 விமானம் மின்னல் தாக்கிச் சிதறி 91 பேர் இறந்தனர். ஜூலியானே கோப்கே என்ற 17 வயதுப் பெண் மட்டும் இருக்கையோடு காட்டில் விழுந்து, பத்து நாட்கள் தனியே நடந்து பிழைத்தார். 2019 மே 5 அன்று மாஸ்கோவில் மின்னலடி பட்டுத் திரும்பிய சுகோய் விமானம் ஓடுபாதையில் துள்ளி மோதித் தீப்பிடித்ததில் 41 பேர் பலியாயினர். மின்னல் அந்த விமானத்தை எரிக்கவில்லை. தானியங்கிக் கருவிகளைச் செயலிழக்க வைத்தது, அடுத்து நடந்த தவறுகள் உயிர்களைப் பறித்தன.

இயற்கையை நாம் தடுத்து நிறுத்த முடியாது. மின்னல் இன்றும் விமானங்களை அடிக்கத்தான் செய்கிறது. அடுத்த முறை ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று ஓர் ஒளி தெரிந்து, விமானம் ஒன்றும் நடக்காதது போலப் பறந்துகொண்டிருந்தால், எல்க்டன் வயலில் விழுந்த அந்த 81 பேரை ஒரு நொடி நினைத்துக்கொள்ளலாம்.