பற்றாசுக்கோல்

பற்றாசுக்கோல் என்பது பற்றாசை உருக்கி உலோகப் பகுதிகளை இணைக்கப் பயன்படும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது சால்டரிங் அயர்ன் எனப்படுகிறது. வெல்டிங் முறையைப் போல் இதில் இணைக்கப்படும் உலோகங்கள் உருகுவதில்லை. பற்றாசு மட்டுமே உருகிப் படர்ந்து, உறைந்து, அவற்றைப் பிணைக்கிறது.

பற்றாசு வகைகள்

63% வெள்ளீயமும் 37% காரீயமும் கொண்ட பற்றாசு 183 °C வெப்பநிலையில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் காரீயப் பயன்பாட்டை 2006 சூலை முதல் கட்டுப்படுத்தியது. காரீயமற்ற பற்றாசுகளில் பரவலாகப் பயன்படுவது வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் கலவை ஆகும். இது சுமார் 217 °C இல் உருகத் தொடங்குகிறது.

கோலைத் தேர்ந்தெடுத்தல்

வாட்டு அளவு நுனியின் வெப்பநிலையைக் குறிப்பதன்று. இழந்த வெப்பம் எவ்வளவு விரைவாக ஈடுசெய்யப்படும் என்பதையே குறிக்கிறது. சிறு மின்சுற்றுப் பலகைகளுக்கு 25 வாட்டு கோல் போதுமானது. தடித்த கம்பிகளும் அகன்ற செப்புப் பரப்புகளும் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் அவற்றுக்கு 60 வாட்டு அல்லது அதற்கு மேற்பட்ட கோல் தேவை. வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள கோல் இரு வகை வேலைகளுக்கும் ஏற்றது.

ஊசி போன்ற நுனியைவிட உளி வடிவ நுனி அகன்று தொடுவதால் வெப்பத்தை எளிதாகக் கடத்தும். தற்கால நுனிகள் இரும்புப் பூச்சுடைய செம்பினால் ஆனவை. அரம் கொண்டு தேய்த்தால் பூச்சு அழிந்து, உள்ளிருக்கும் செம்பு பற்றாசில் கரைந்துவிடும்.

செய்முறை

* நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, சிறிது பற்றாசு பூச வேண்டும்.
* பாகத்தின் காலையும் பலகையின் செப்புப் பரப்பையும் ஒரே நேரத்தில் தொடுமாறு நுனியை வைக்க வேண்டும்.
* சுமார் ஒரு நொடிக்குப் பின், பற்றாசுக் கம்பியை நுனியில் வைக்காமல் இணைப்பில் வைத்து உருக்க வேண்டும்.
* முதலில் கம்பியையும் பின்னர் கோலையும் எடுக்க வேண்டும். பற்றாசு உறையும் வரை இணைப்பை அசைக்கக் கூடாது.

கம்பியின் உள்ளீடாக உள்ள பிளக்ஸ், உலோகப் பரப்பின் ஆக்சைடை நீக்குகிறது. பற்றாசை நுனியில் உருக்கி எடுத்துச் சென்றால், இணைப்பை அடையும் முன்னரே பிளக்ஸ் எரிந்துபோகும். பற்றாசும் சரியாக ஒட்டாது.

குறையுள்ள இணைப்புகள்

போதிய வெப்பம் பெறாத இணைப்பில் பற்றாசு படராமல் உருண்டையாக நிற்கும். இது தண் இணைப்பு எனப்படும். இத்தகைய இணைப்பு சோதனையின்போது வேலை செய்து, பின்னர் அதிர்வினால் விட்டுவிட்டுப் பழுதாகலாம் என்பதால் கண்டறிவது கடினம். நல்ல இணைப்பில் பற்றாசு சரிந்த குழிவான வடிவம் பெற்றிருக்கும். காரீயமற்ற பற்றாசு இயல்பாகவே மங்கலாக இருப்பதால் பளபளப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்ள இயலாது.

பாதுகாப்பு

எழும் புகை பெரும்பாலும் பிளக்சிலிருந்து வருவதாகும். பைன் மரப் பிசினால் ஆன பிளக்சின் புகை ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். எனவே காற்றோட்டம் அவசியம். காரீயம் கைகளின் வழியாகவே உடலுக்குள் செல்கிறது. வேலை முடிந்ததும், உண்பதற்கு முன்னும், கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.