கரும்பித்தமும் கருவியும்

மார்பிலே ஒரு கட்டி. கையில் தட்டுப்பட்ட நாள்தொட்டுப் பெற்ற மகளிடமும் கூறாது, நாணத்தால் மறைத்து, அச்சத்தால் நலிந்து வாழும் தாய்மார் எத்தனை எத்தனை பேர்! அக்கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்ல என்பதை அவர்கட்கு எடுத்துரைப்பார் இல்லை. எனினும், எது தீங்கற்றது, எது உயிர் குடிப்பது என்று அறிவது எங்ஙனம்?

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், உரோமப் பேரரசின் புகழ்பெற்ற மருத்துவர் கேலன், மார்பகப் புற்றைச் சுற்றிப் புடைத்து நின்ற குருதிக் குழாய்கள் நண்டின் கால்களை ஒத்திருக்கக் கண்டார். கண்டது மெய், கொண்ட முடிவோ பொய்! உடலில் கரும்பித்தம் தேங்கியதே நோய்க்குக் காரணம் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுவே மருத்துவ வேதம். பெரியவர் சொன்னார் என்றால் போதாதா?

1842-இல் பிராகு நகரில் கிறித்தியன் டாப்ளர் ஒரு கருத்தை வெளியிட்டார். அலையை எழுப்பும் பொருள் நெருங்கினால் அதிர்வு மிகும், விலகினால் குறையும். இரட்டை விண்மீன்களின் நிறத்துக்கும் அதுவே காரணம் என்றார். டச்சு அறிஞர் பைசு பாலட் அதை நம்பவில்லை. ஏசினாரா? இல்லை, சோதித்தார். 1845-இல் யூட்ரெக்ட் இருப்புப் பாதையில் எக்காளம் ஊதுவோரை வண்டியேற்றினார். சுருதி அறிந்த செவியினரைப் பாதையோரம் நிறுத்தினார். வண்டி நெருங்கச் சுருதி உயர்ந்தது, கடந்து செல்லத் தாழ்ந்தது. ஒலியில் டாப்ளர் வென்றார். விண்மீன் நிறத்துக்கு அவர் கூறிய காரணம் நிலைக்கவில்லை. ஒருவர் கூற்றில் பாதியைக் கொண்டு பாதியைத் தள்ளும் துணிவு, கேலனைப் போற்றியோர்க்கு இருந்ததா?

1950-களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜான் வைல்டு மீயொலியால் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார். சப்பானின் ஒசாகாவில் சடோமுரா மீயொலியையும் டாப்ளர் விளைவையும் இணைத்து இதயத்தின் இயக்கத்தை அறிந்தார். புற்று, தான் வளரப் புதுக் குருதிக் குழாய்களை வருவித்துக்கொள்கிறது என்று 1971-இல் ஃபோக்மன் எழுதினார். 1977-இல் பிரிஸ்டல் நகரத்து வெல்சு குழுவினர், கட்டியில் பாயும் குருதியின் டாப்ளர் ஒலியைக் கொண்டு புற்றைக் கண்டறியும் முயற்சியை வெளியிட்டனர். கேலன் கண்ட அதே குழாய்கள். கரும்பித்தம் மட்டும் காணோம்!

இன்று அக்குருதியோட்டம் திரையில் நிறமாய்த் தெரிகிறது. கருவியை நோக்கி வருவது பெரும்பாலும் சிவப்பு, விலகுவது நீலம். புற்றின் குழாய்கள் ஒழுங்கின்றி முறுக்கிக் கட்டிக்குள் துளைத்துப் புகுவது வழக்கம். தீங்கற்ற கட்டியில் ஓட்டம் இல்லாமலோ, ஓரத்தோடு ஒதுங்கியோ இருப்பது மிகுதி. ஆயினும் இளம் பெண்ணின் தீங்கற்ற நார்க்கட்டியிலும் குருதி பெருகி ஓடுவதுண்டு. ஓட்டமே தென்படாத புற்றும் உண்டு. ஆகவே, நிறம் தோன்றவில்லை என்பதற்காக ஐயத்துக்குரிய கட்டியை நல்ல மருத்துவர் விட்டுவிடுவதில்லை. ஊசியால் துணுக்கெடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்த பின்னரே தீர்ப்புரைக்கிறார்.