சேலம், நாமக்கல் சமவெளியில் துப்பாக்கியும் கடைவீதியும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி ஏந்திக்கொண்டு ஒருவர் கடைக்குச் சென்று பொருள் வாங்குவதைச் சட்டம் இன்று அனுமதிப்பதில்லை. உரிமம் பெற்ற துப்பாக்கிக்கும் இத்தடை பொருந்தும். ஆயினும் 18-ஆம் நூற்றாண்டு வரை இந்தச் சமவெளியில் ஆயுதம் தரித்துச் சந்தைக்கும் திருவிழாவுக்கும் செல்வது வழக்கமான காட்சியாக இருந்தது. இந்த மாற்றம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் தொடங்கி, 1878 ஆயுதச் சட்டத்தால் உறுதிப்பட்டு, சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்திலும் 2016 ஆயுத விதிகளிலும் இன்றைய வடிவத்தை அடைந்தது.

பாளையக்காரர் காலம்

மதுரை நாயக்கர் ஆட்சியில் இன்றைய சேலம், நாமக்கல் பகுதிகள் பாளையக்காரர்களின் பொறுப்பில் இருந்தன. தாரமங்கலத்தைச் சேர்ந்த கெட்டி முதலியார்களும், சேந்தமங்கலத்தைச் சேர்ந்த இராமச்சந்திர நாயக்கரும் இவர்களுள் பெயர் பெற்றவர்கள். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவராக இராமச்சந்திர நாயக்கர் கூறப்படுகிறார். பாளையக்காரர்கள் தங்களுக்கென்று படையாட்களை வைத்திருந்தனர். ஊர்க்காவலும் பாதைக்காவலும் காவல்காரர்களிடம் இருந்தன. ஊர்மக்கள் அதற்காகக் காவல்வரி செலுத்தினர்.

வேல், வாள், திரித் துப்பாக்கி ஆகியவை இவர்களின் ஆயுதங்கள். சந்தை கூடும் நாளில் ஆயுதம் தாங்கிய காவல்காரர் அங்கு நிற்பது வணிகருக்குப் பாதுகாப்பாகக் கருதப்பட்டது. ஆயுதத்தை வெளிப்படையாகத் தாங்குவது பதவியின் அடையாளமாகவும் இருந்தது. யார் எந்த ஆயுதத்தைத் தாங்கலாம் என்பதை எழுதப்பட்ட உரிமத்தைவிடச் சாதி, பதவி, பாளையத்தின் வலிமை ஆகியவையே தீர்மானித்தன. எனவே அக்காலத்தில் எல்லோருக்கும் ஆயுத உரிமை இருந்தது என்று கொள்வது சரியன்று.

இரும்புத் தொழிலும் இப்பகுதியில் பழமையானது. கஞ்சமலையின் இரும்புத்தாதுவும் சேலத்து எஃகும் புகழ்பெற்றவை. 19-ஆம் நூற்றாண்டில் சேலத்தைச் சேர்ந்த அருணாசலம் என்ற கைவினைஞர் செய்த வேட்டைக் கத்திகளையும் பன்றி வேட்டை ஈட்டிகளையும் ஆங்கிலேய அதிகாரிகள் விரும்பி வாங்கினர். அவர் பெயர் பொறித்த கத்திகளை இன்றும் பழம்பொருள் சேகரிப்போர் தேடுகின்றனர்.

கம்பெனி ஆட்சியும் ஆயுதக் களைவும்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு அளித்தார். அலெக்சாண்டர் ரீட் ஆட்சியராக நியமிக்கப்பட்டார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து உழவரிடமிருந்து நேரடியாக வரி பெறும் முறையை இவர்கள் இங்கு உருவாக்கினர். இடைநிலையில் இருந்த ஆயுதம் தாங்கிய தலைவர்களுக்கு இந்த முறையில் இடமில்லை.

தெற்கே திருநெல்வேலி, இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பகுதிகளில் இதே மாற்றம் போருக்குப் பின் வந்தது. 1801-இல் மருது சகோதரர்களின் எழுச்சி ஒடுக்கப்பட்டதும், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோட்டைகளை இடிக்கவும், பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதை ஒழிக்கவும் அது ஆணையிட்டது. தமிழ்நாட்டில் மக்களிடமிருந்து ஆயுதங்களை அகற்ற அரசு எடுத்த பெரிய நடவடிக்கைகளுள் இது முதன்மையானது. காவல் பணி படிப்படியாகக் காவல்காரரிடமிருந்து அரசுக் காவல்துறையின் கைக்கு மாறியது.

1878 ஆயுதச் சட்டம்

1857 எழுச்சிக்குப் பின் 1860-இல் நாடு முழுவதற்கும் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. அதைவிடக் கடுமையான சட்டம் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் 1878-இல் இயற்றப்பட்டது. அதன் 13-ஆம் பிரிவு உரிமமின்றி ஆயுதம் தரித்து வெளியே செல்வதைத் தடை செய்தது. 14-ஆம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. வீட்டில் வைத்திருப்பதும் வெளியே ஏந்திச் செல்வதும் வெவ்வேறு செயல்கள் என்று சட்டம் பிரித்துக் காட்டியது. இந்தப் பிரிவினை இன்றுவரை தொடர்கிறது.

ஐரோப்பியருக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இதன் விளைவைச் சேர்வராயன் மலையில் தெளிவாகக் காணலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேயருக்குத் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவையில்லை. அதே மலையில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த மலையாளிப் பழங்குடியினருக்கு உரிமம் தேவை.

துப்பாக்கி கிடைக்காதது மட்டும் மக்களின் மனக்குறையாக இருக்கவில்லை. நாட்டு மக்களை நம்பத்தகாதவர்களாகச் சட்டம் நடத்தியதையே தலைவர்கள் அவமதிப்பாகக் கருதினர். 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்று கூறியது. அகிம்சையை வழியாகக் கொண்ட காந்தியடிகளும், ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் ஆயுதமற்றவர்களாக்கிய சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தீமைகளுள் மிக மோசமானதாகக் குறிப்பிட்டார்.

சுதந்திர இந்தியா எடுத்த முடிவு

காங்கிரஸ் பல ஆண்டுகள் கேட்டுவந்த இந்த உரிமை அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத், ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் உள்ள உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். கராச்சித் தீர்மானத்தையும் அவர் நினைவூட்டினார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் சந்தைக்குச் சென்று எந்தத் தடையும் இல்லாமல் தாக்கும் கருவிகளை வாங்கும் உரிமை பெற்றால் அரசு நிர்வாகம் நடத்துவது எப்படி என்பது அவருடைய கேள்வி. திருத்தம் தோல்வியடைந்தது.

இறுதி வடிவில் 19-ஆம் உறுப்பு குடிமக்களுக்கு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அளித்தது. சீக்கியர் கிர்பான் அணிவதை மட்டும் 25-ஆம் உறுப்பின் விளக்கம் சமய உரிமையாக ஏற்றது. காலனி ஆட்சியில் ஆயுத மறுப்பு அவமதிப்பாக இருந்தது. மக்களாட்சியில் அதுவே பொது அமைதிக்கான ஏற்பாடாக விளக்கப்பட்டது. சட்டத்தின் அடிப்படை பெரிதும் மாறாவிட்டாலும், அதை இயற்றும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கைக்கு வந்தது.

தற்போதைய சட்டம்

1878 சட்டத்துக்கு மாற்றாக 1959 ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கி உரிமம் கோருவோர் மாவட்டத்தில் ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறையின் விசாரணை அறிக்கைக்குப் பின்பே உரிமம் வழங்கப்படும். 2019 திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. திருமணம் போன்ற கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுடுவது தண்டனைக்குரிய குற்றமானது.

கடைவீதிக்கு நேரடியாகப் பொருந்துவது 2016 ஆயுத விதிகளின் 32-ஆம் விதி. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு உடலோடு பொருத்தியோ, பைக்குள் வைத்தோதான் கொண்டு செல்ல வேண்டும். நீளமான துப்பாக்கியை அதற்குரிய உறைக்குள் வைக்க வேண்டும். துப்பாக்கி முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். கொண்டு செல்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துக் காட்டுவதும் சுடுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. சந்தை விழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதியின்றி ஆயுதம் கொண்டு செல்லக் கூடாது என்பது உரிம நிபந்தனை.

சட்டத்தின் 20-ஆம் பிரிவும் கவனிக்கத்தக்கது. தவறான நோக்கத்தோடு ஆயுதம் கொண்டு செல்வதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், அவரிடம் உரிமம் இருந்தாலும் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்றோர் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் நடைமுறையும் உள்ளது. வங்கிப் பாதுகாப்பு போன்ற பணிகளுக்கு விலக்கு அளிக்கப்படுவதுண்டு.

இதனால் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு கடைவீதிகளிலோ இன்று பொதுமக்கள் காணும் துப்பாக்கி பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று காவல்துறையினருடையது. மற்றொன்று வங்கி வாசலிலும் பணம் ஏற்றும் வேனிலும் நிற்கும் காவலாளியுடையது. அக்காவலாளிகளில் பலர் ஓய்வுபெற்ற படைவீரர்கள். பொருள் வாங்க வருபவர் கையில் துப்பாக்கி இருப்பதில்லை.

மலைவாழ் மக்களும் நாட்டுத் துப்பாக்கியும்

சமவெளியைச் சுற்றியுள்ள கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். பலா, வாழை, மிளகு, அன்னாசி போன்ற விளைபொருள்களோடு இவர்கள் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கி வருகின்றனர். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பது இவர்களுடைய நெடுங்காலச் சிக்கல். குழல் வாய்வழியே கருமருந்தும் ஈயக் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அதற்குப் பயன்பட்டது. 1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது.

ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமானது. உரிமம் பெறுவதும் புதுப்பிப்பதும் ஏழை மலைவாழ் உழவருக்கு எளிதன்று. உரிமமற்ற துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்போர்மீது வழக்கு இல்லை என்று காவல்துறை மலைக் கிராமங்களில் அவ்வப்போது அறிவிக்கிறது. யாருடையது என்று தெரியாதபடி ஊர்ப் பொது இடத்தில் துப்பாக்கிகளை வைத்துவிட்டுச் செல்வதும் உண்டு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. சுடும் பொறுப்பு வனத்துறைக்குத்தான், உழவருக்கு அன்று.

அண்டை மாநிலமான கர்நாடகத்தின் குடகில் நிலைமை வேறு. குடவருக்கும் ஜம்மா நில உரிமையாளருக்கும் ஆங்கிலேயர் காலத்தில் கிடைத்த உரிம விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கொல்லிமலை மக்களுக்கு இத்தகைய பொது விலக்கு இல்லை.

நரிக்குறவர்

தமிழ்நாட்டுக் கடைவீதியில் அண்மைக்காலம் வரை வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திய சமூகம் நரிக்குறவர். வாக்ரிபோலி மொழி பேசும் இவர்கள் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடினர். பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் பாசி, ஊசி விற்றனர். தோளில் நாட்டுத் துப்பாக்கியோடு தெருவில் நடந்த நரிக்குறவரை மூத்த தலைமுறையினர் நன்கு அறிவர். அவர்களைக் கண்டு கடைக்காரர் அஞ்சவில்லை. அது தொழிற்கருவி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வேட்டைத் தடை அந்தத் தொழிலை முடித்துவைத்தது. பாசிமணி விற்பனையே பலருக்கு ஒரே வருவாயானது. நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023-இல் சட்டமானது. வேட்டைத் தடை வந்து நெடுங்காலம் ஆன பிறகே இந்த அங்கீகாரம் வந்தது.

அமெரிக்காவுடன் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பில் 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் தாங்கும் உரிமையைக் காக்கிறது. பல மாநிலங்களில் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திக் கடைக்குச் செல்வது குற்றமன்று. எனினும் கடை உரிமையாளர் அதைத் தம் கடையில் மறுக்கலாம். 2013-இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் துப்பாக்கியோடு வரவேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2019 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோ நகரில் ஒரு வால்மார்ட் கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் இறந்தனர். அடுத்த மாதமே வால்மார்ட், வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி வரவேண்டாம் என்று வேண்டுகோள் விடுத்தது. அங்கு கடைக்காரர் கேட்டுப் பெறவேண்டிய அமைதியை இங்கு சட்டமே முன்கூட்டி அளித்துவிடுகிறது.

மதிப்பீடு

சேலம், நாமக்கல் கடைவீதியில் ஆயுதம் இல்லாதிருப்பது இயல்பாக அமைந்த நிலை அன்று. வென்றவர்கள் தோற்றவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்ததில் அது தொடங்கியது. பின்னர் விடுதலை பெற்ற நாடு, விவாதித்து, வாக்களித்து, அதே நிலையைத் தன் முடிவாக ஏற்றது. அந்த முடிவின் பயனைச் சமவெளி நகர மக்கள் அனைவரும் அச்சமின்றிக் கடைக்குச் செல்வதில் அனுபவிக்கின்றனர். அதற்கான விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்கள் பயிர்காக்கத் துப்பாக்கி வைத்திருந்த மலைவாழ் உழவரும், வேட்டையால் வாழ்ந்த நரிக்குறவருமே. பயிர் இழப்பீடும் மாற்றுத் தொழிலும் அவர்களுக்கு உரிய காலத்தில் கிடைப்பதே அந்த விலைக்கு ஈடாகும்.