மறுப்புரைத்த போதகர்களும் அமெரிக்க அரசியல் சட்டமும்

அமெரிக்க அரசியல் சட்டம் ஜெபத்தோடு இயற்றப்பட்டது எனப் பிரசங்கங்களில் சில வேளைகளில் சொல்லப்படுவதுண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1787 ஜூன் 28 அன்று, பிலடெல்பியா மாநாடு மாநிலங்களின் வாக்குரிமை பற்றிய பூசலில் சிக்கியிருந்தபோது, 81 வயதான பெஞ்சமின் பிராங்க்ளின், போதகரை அழைத்து நாள்தோறும் ஜெபத்துடன் அவையைத் தொடங்கலாம் என முன்மொழிந்தார். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. மூன்று நான்கு பேரைத் தவிர ஏனையோர் ஜெபம் தேவையற்றது எனக் கருதியதாகப் பிராங்க்ளினே குறித்து வைத்துள்ளார். திருச்சபைக்கும் அச்சட்டத்துக்கும் உள்ள மெய்யான தொடர்பு வேறிடத்தில் உள்ளது.

மாநாடு கூடியதன் காரணத்தை முதற்கண் நோக்குவோம். 1777இல் இயற்றப்பட்டு 1781 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள், நடுவண் அரசை வலுவற்றதாக வைத்தன. பிரிட்டானிய மன்னரின் அதிகாரத்தை எதிர்த்துப் போரிட்டோர் மற்றோர் அதிகார பீடத்தைக் கண்டு அஞ்சியது இயல்பே. காங்கிரசுக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. விதிகளைத் திருத்துவதற்கோ 13 மாநிலங்களும் ஒருமனப்பட வேண்டும். இறக்குமதிக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வரி விதிக்கும் திருத்தம், ரோட் ஐலண்டு என்னும் சின்னஞ்சிறு மாநிலம் 1782இல் இணங்க மறுத்ததால் வீழ்ந்தது.

ஆகவே 1787 மே மாதத்தில் கூடிய பிரதிநிதிகள், பழைய விதிகளைத் திருத்துமாறு மட்டுமே பணிக்கப்பட்டிருந்தும், புதிய சட்டம் ஒன்றையே வரைந்தனர். ஒன்பது மாநிலங்கள் இசைந்தால் போதும் எனவும் விதித்துக் கொண்டனர். இது கட்டளையை மீறிய செயலே என்பதை மறைக்கத் தேவையில்லை. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டு அவர்தம் உடைமையாளரின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்கள் அளித்ததும், 1808 வரை அடிமை வணிகத்தைக் காங்கிரஸ் தடுக்கலாகாது என்றதும் அச்சட்டத்தின் தீராக் களங்கங்கள்.

பொதுப் பதவிக்குச் சமயச் சோதனை கூடாது என்று சட்டத்தின் ஆறாம் பிரிவு கூறிற்று. ஆயினும் வெர்ஜீனியாவின் பாப்டிஸ்டுகளுக்கு அது போதவில்லை. அரசு சார்ந்த ஆங்கிலிக்கன் சபை கோலோச்சிய நாள்களில், அவர்தம் போதகர்கள் பிரசங்கித்ததற்காகவே சிறைப்பட்டிருந்தனர். இளைஞராயிருந்த ஜேம்ஸ் மாடிசன் 1774இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இக்கொடுமையைக் கண்டித்துள்ளார். அதே மாடிசன் சட்டத்தை உருவாக்குவதில் முன்னின்றபோது, உரிமைப் பட்டியல் வேண்டியதில்லை என்றே கருதினார். காகிதத்தில் எழுதிய தடை, பெரும்பான்மையோரின் வேகத்தை நிறுத்தாது என்பது அவர் கண்ட அனுபவம். ஜான் லீலண்டு என்னும் பாப்டிஸ்டுப் போதகர் 1788இல் எழுத்து மூலம் மறுப்புரைத்தார். காங்கிரசின் பெரும்பான்மையினரும் குடியரசுத் தலைவரும் ஒரு சபையைச் சார்ந்தால், அதைப் போஷிக்க மற்றவர்களும் பணம் கட்ட நேருமே என்பது அவர் கேள்வி.

1789 தொடக்கத்தில் ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்துக் காங்கிரசுக்குப் போட்டியிட்ட மாடிசன், ஜார்ஜ் ஈவ் என்ற பாப்டிஸ்டுப் போதகருக்குக் கடிதம் எழுதி, மனச்சாட்சியின் உரிமையைக் காக்கும் திருத்தங்களைத் தாம் ஆதரிப்பதாக வாக்களித்தார். 336 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். வாக்குக்காகவே மனம் மாறினார் என ஏளனம் செய்வோருண்டு. ஆனால் வென்றபின் ஜூன் 8 அன்று, உடன் உறுப்பினர் பலர் ஆர்வமின்றி இருந்தபோதும், திருத்தங்களை அவைமுன் வைத்து வற்புறுத்தியவர் அவரே. 1791 டிசம்பர் 15 அன்று பத்துத் திருத்தங்கள் சட்டமாயின.

முதல் திருத்தம் காங்கிரசை மட்டுமே கட்டுப்படுத்திற்று, மாநிலங்களை அன்று. அதே 1791இல் தம் பிறந்த மாநிலமாகிய மாசசூசெட்சுக்குத் திரும்பிய லீலண்டு, அங்கே சபைகளுக்கெனத் தண்டப்பட்ட வரியைத் தொடர்ந்து எதிர்த்தார். அது 1833இல்தான் ஒழிந்தது. வெர்ஜீனியாவில் இருந்தபோது, அடிமை முறையைக் கண்டிக்கும் பாப்டிஸ்டுத் தீர்மானத்தை வரைந்தவரும் அவரே. சபைச் சங்கங்கள் சில அதனை ஏற்கவில்லை. அச்சட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கும் திருத்தம் 1865இல் வந்தது.