ஜெராய் மலையடியும் விமானத் திடலும்

சிறிய விமானம் இறங்க ஓடுபாதை மட்டும் போதாது. அதற்கு முன்னால் மறைப்பில்லாத வெளியும் நீண்டு கிடக்க வேண்டும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் தாழ்ந்து வரும் விமானம், ஓடுபாதைக்கு 400 மீட்டர் இருக்கும்போது வெறும் 20 மீட்டர் உயரத்தில்தான் பறக்கும். நன்கு வளர்ந்த பால்மரமே அந்த உயரம் இருக்கும். ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்து, 1,217 மீட்டர் ஜெராய் மலையை ஒட்டிக் கிடக்கும், மலேசியாவின் கெடா மாநிலத்துக் குருணில் அத்தகைய வெளிக்கு வழியில்லை. வடக்கே, அலோர்ஸ்டார் நெல்வயல்களுக்கிடையே அது தாராளமாகக் கிடைத்தது. 1934இல் இலண்டனிலிருந்து மெல்பர்னுக்கு நடந்த விமானப் பந்தயத்தில் அலோர்ஸ்டாரும் ஓர் இறங்குமிடம். ஜப்பானியப் படையெடுப்பின்போது, 1941 டிசம்பர் 9 அன்று, கை சிதைந்த நிலையிலும் பிரிட்டிஷ் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் தம் பிளெனிம் விமானத்தை அங்கேதான் இறக்கினார். உடன் வந்த இருவருக்கும் காயமில்லை, அவர் பிழைக்கவில்லை.

விமானிக்கு வாய்ப்பான அந்த நிலமே கெடாவைக் காக்க வந்த படைக்கு வினையாயிற்று என்பது என் முடிவு. காவலுக்கு ஏற்ற இடம் குருண்: ஒருபுறம் ஜெராய், மறுபுறம் காட்டுமேடு, நடுவில் சாலையும் இரயில் பாதையும் நெருங்கிச் செல்லும் இடுக்கு. ஆனால் அலோர்ஸ்டார் திடலைக் காக்க வேண்டுமே என்று, 11ஆவது இந்தியப் படைப்பிரிவு அதற்கும் வடக்கே ஜித்ராவில் மழைநீர் தேங்கிய குழிகளில் நிறுத்தப்பட்டது. திடல்களுக்கு இடம் குறித்த விமானப்படை, அவற்றைக் காக்க வேண்டிய தரைப்படையைக் கலந்துகொள்ளவில்லை. இதில் நெஞ்சைச் சுடுவது வேறொன்று: ஜித்ராவில் சண்டை மூண்ட 11ஆம் தேதிக்கு முன்பே விமானங்கள் தெற்கேயுள்ள பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டன. காலியான திடலுக்காக மனிதர்கள் மடிந்தார்கள்.

‘குருணும் ஒரே நாளில் விழுந்ததே, அதென்ன அரண்?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் 14ஆம் தேதி அங்கே நின்றவர்கள் ஜித்ராவில் அடிபட்டு, சுமார் 50 கிலோமீட்டர் பின்வாங்கி, உறக்கமின்றி வந்தவர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே வெட்டிவைத்த அரண் எதுவும் அங்கில்லை. அந்தத் தோல்வியை வைத்துக் குருணின் நிலத்தை எடைபோட முடியாது. வானில் ஜப்பானியர் கை ஓங்கியிருந்தது என்பாரும் உண்டு, அது உண்மையே. அப்படியானால், விமானமில்லாத திடலைவிட மலையிடுக்கைக் காப்பதற்கே காரணம் கூடுகிறது.

15ஆம் தேதி விடியுமுன் குருணில் அணி உடைந்தது. மறுநாள் படை மூடா ஆற்றுக்குத் தெற்கே இருந்தது; அன்றிரவு பினாங்கும் கைவிடப்பட்டது.