அடிமை ஒழிப்பு ஏடுகளும் அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழும்

அமெரிக்காவில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தோர் தம் உரிமைக்கு விவிலியத்தையே சான்று காட்டியதால், அவர்களை எதிர்த்த ஏடுகளும் சமயத்தின் களத்திலேயே போரிட வேண்டியிருந்தது. 1831இல் பாஸ்டனில் ‘லிபரேட்டர்’ வார இதழைத் தொடங்கிய வில்லியம் லாயிட் காரிசன், அடிமைமுறையை உடனே விட்டொழிக்க வேண்டிய பாவம் என்று எழுதி, அதற்கு இடங்கொடுத்த திருச்சபைகளையும் கண்டித்தார். போதகரும் இதழாசிரியருமான எலைஜா லவ்ஜாய், 1837 நவம்பர் 7 அன்று ஆல்டன் நகரில் தம் அச்சுப்பொறியைக் காக்க நின்றபோது கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த இதழியல் உலகிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தவர் கர்னல் ஆல்காட். அடிமைமுறையை எதிர்த்த ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ நாளேட்டில் வேளாண்மைப் பகுதியைக் கவனித்த அவர், அடிமைகளை விடுவிக்க ஆயுதமேந்திய ஜான் பிரவுன் 1859 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டபோது அச்செய்தியை அந்நாளேட்டுக்கு எழுதி அனுப்பினார். பின்னர் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவராகி அடையாற்றில் தங்கிய அவர், 1894இல் பஞ்சமர்களுக்கு, அதாவது நால்வருணத்துக்குப் புறம்பாக ஒதுக்கப்பட்டோருக்கு, இலவசப் பள்ளி திறந்தார். அவ்வாறு ஒதுக்கப்பட்டோரின் தலைவர்களுள் ஒருவரான அயோத்திதாச பண்டிதர் 1898இல் அவர் துணையுடன் இலங்கை சென்று, பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலத்தை ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

ஆல்காட் 1907 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் 19 அன்று அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. பெயரே விலையையும் சொன்ன இவ்வார இதழ் மறு ஆண்டு ‘தமிழன்’ ஆயிற்று. ஒடுக்கியோர் போற்றிய அதே விவிலியத்தைக் கையிலேந்தியே அமெரிக்க இதழாசிரியர் பலர் வாதிட்டனர். அயோத்திதாசரோ சாதிக்குச் சான்றளித்த நூல்களை ஏற்க மறுத்து, தாழ்த்தப்பட்டோர் பண்டைய பௌத்தர்களே என நிறுவ முற்பட்டார். மக்கள் ஆண்டுதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் தீபாவளியைக்கூட அவர் அசுரவதத்தின் நினைவாகக் கொள்ளாமல், பௌத்தத் துறவிகள் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்ததன் நினைவாக விளக்கினார். இவ்விளக்கங்களை வரலாற்றுச் சான்றுகளாக ஏற்பது கடினம்; ஆயினும் வரலாறே இல்லை எனத் தள்ளப்பட்டோர் பண்டிகையையும் சொல்லையும் தமக்குரியனவாக மீட்டெடுத்த துணிவுக்குத் தமிழ் இதழியலில் இணை காண்பது அரிது.

1914இல் அவர் மறைந்தபின், 1926 முதல் ‘தமிழன்’ கோலார் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையில் வெளியிடப்பட்ட பின்னரே அவர் எழுத்துகள் பொது வாசகர் கைக்குப் பரவலாக வந்தன.